கார்ன்வாலின் கீழ்ப்பிரிவு ரக்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கார்ன்வால். அங்கே சனிக்கிழமை மதியம் ஊருக்கு ஊர் ரக்பி நடக்கும். தொலைக்காட்சியில் வரும் ரக்பி வேறு. இது தச்சரும் மீனவரும் பள்ளி ஆசிரியரும் ஆடுகிற ரக்பி. மருத்துவமனை வேலைக்காகவோ படிப்புக்காகவோ அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த நம்மவர்களும், ஊரில் இருந்தபடி ஆர்வத்தோடு விசாரிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

இந்த லீக்கின் பெயர் என்ன? இங்கிலாந்து ரக்பியில் இது எந்த இடத்தில் இருக்கிறது?

'கவுன்ட்டீஸ் 2 கார்ன்வால்', அதற்கும் கீழே 'கவுன்ட்டீஸ் 3 கார்ன்வால்'. இங்கிலாந்து ரக்பி ஒரு நீண்ட ஏணி. உச்சியில் முழுநேரத் தொழில்முறை அணிகள் ஆடும் பிரீமியர்ஷிப் (2025 முதல் 'பிரெம்'). அடுத்து சாம்பியன்ஷிப் (2025 முதல் 'சாம்ப்'). மூன்றாவது, நான்காவது படிகள் தேசியப் பிரிவுகள். ஐந்தும் ஆறும் 'ரீஜனல்' எனப்படும் வட்டாரப் பிரிவுகள். ஏழாவது படியிலிருந்து 'கவுன்ட்டீஸ்' தொடங்குகிறது. கார்ன்வால், டெவன் பக்கத்து அணிகள் கலந்து ஆடும் 'கவுன்ட்டீஸ் 1 வெஸ்டர்ன் வெஸ்ட்' அந்த ஏழாவது படி. நாம் பேசப்போகும் கார்ன்வால் பிரிவுகள் எட்டும் ஒன்பதும்.

ஏணிக்கு நடுவில் எங்கும் பூட்டு கிடையாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். எட்டாவது படியில் முதலிடம் பிடித்த அணி ஏழாவதுக்குப் போகலாம், அங்கிருந்து இன்னும் மேலே போகலாம். பாட்மின், ஹெல்ஸ்டன், பெரன்போர்த், செயின்ட் ஆக்னஸ், ரோஸ்லாண்ட், இல்லோகன் பார்க், லிஸ்கர்ட்-லூ, பியூட் என்று பல ஊர்களின் அணிகள் கார்ன்வால் பிரிவுகளில் ஏறியும் இறங்கியும் ஆடி வந்திருக்கின்றன.

இது ரக்பி யூனியனா, ரக்பி லீகா?

ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர். ரக்பி லீக் என்பது 13 பேர் ஆடும் தனி விளையாட்டு. இரண்டும் பிரிந்தது 1895-ல், ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில். சனிக்கிழமை ஆடப் போனால் ஆலையில் கூலி போய்விடும், அந்தக் கூலியையாவது ஈடுகட்ட வேண்டும் என்று வடக்கத்தி கிளப்புகள் கேட்டன. ரக்பியை நடத்திய சங்கமான யூனியன் மறுத்தது. அவர்கள் தனியே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு சரியாக நூறு ஆண்டு கழித்து, 1995-ல்தான் ரக்பி யூனியன் ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் கார்ன்வால் பிரிவு ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டா?

இல்லை. அவர்கள்தான் கிளப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆண்டுச் சந்தா உண்டு, பல கிளப்புகளில் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு சிறு தொகையும் உண்டு. பூட்ஸ், பல் கவசம் எல்லாம் சொந்தச் செலவு. செவ்வாய், வியாழன் போன்ற வார நாட்களில் வேலை முடிந்து விளக்கு வெளிச்சத்தில் பயிற்சி. சனிக்கிழமை ஆட்டம். திங்கட்கிழமை காலையில் வீங்கிய விரலோடு மறுபடி வேலை.

இந்த லீக் எப்போது தொடங்கியது?

கிளப்புகள் பழையவை, லீக் புதிது. ரெட்ரூத் கிளப் 1875-ல் தொடங்கியது, கேம்போர்ன் 1878-ல். ஆனால் இங்கிலாந்து முழுவதையும் ஒரே ஏணியில் கோத்த லீக் முறை 1987-ல்தான் வந்தது. கரேஜ் என்ற மதுபான ஆலை அதற்குப் புரவலராக இருந்தது. அதுவரை பெரும்பாலும் நட்பு ஆட்டங்கள்தான். ஒவ்வொரு கிளப்பிலும் ஒரு செயலாளர் உட்கார்ந்து மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதி, ஆண்டு முழுவதற்கும் ஆட்டம் பேசி வைப்பார். யாரோடு ஆடுகிறோம் என்பது பழக்கத்தையும் உறவையும் பொறுத்தது. சின்ன ஊர் அணி எவ்வளவு நன்றாக ஆடினாலும் பெரிய கிளப் தேதி கொடுக்காவிட்டால் அவ்வளவுதான். லீக் வந்த பிறகு திறமை இருந்தால் மேலே போக வழி பிறந்தது. பயணமும் செலவும் கூடவே வந்தன.

2022-ல் ஏதோ பெரிய மாற்றம் என்றார்களே?

ஆமாம். பயணத் தொலைவைக் குறைக்கவும், ஒரு பருவத்தில் ஆடும் ஆட்டங்களைக் குறைக்கவும் மூன்றாவது படிக்குக் கீழே பெரும்பாலான பிரிவுகள் மாற்றி அமைக்கப்பட்டன. 'ரீஜனல்', 'கவுன்ட்டீஸ்' என்ற பெயர்கள் அப்போதுதான் வந்தன. கார்ன்வால் போன்ற இடத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை. மூன்று பக்கம் கடல், கிழக்கே டேமர் ஆறு. ஒரே கவுன்ட்டிக்குள் பென்சான்ஸிலிருந்து பியூட் போவதென்றாலே நூறு கிலோமீட்டரைத் தாண்டும். குளிர்காலத்தில் காலையில் கிளம்பிப் போய், ஆடி, இருட்டில் திரும்பி வருவதற்குள் ஒரு நாளே போய்விடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்த நாளை மாதத்துக்கு நான்கு முறை கேட்க முடியாது.

எனக்கு ஆட்டமே புரியவில்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் அழுத்தினால் 'ட்ரை', 5 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 'கன்வர்ஷன்', இன்னும் 2. பெனால்ட்டி உதைக்கு 3, ஆட்டத்தின் நடுவில் பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் 'டிராப் கோலு'க்கும் 3. மொத்தம் 80 நிமிடம். கையால் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. பின்னாலோ பக்கவாட்டிலோதான் கொடுக்க வேண்டும். முன்னே போக ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

பந்து வைத்திருப்பவரைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவது 'டாக்கிள்'. கபடியில் பாடிவருபவரின் தொடையைப் பிடித்து மடக்கும் ஆளைப் பார்த்திருப்பீர்கள். நல்ல டாக்கிளும் அப்படித்தான், தோளைத் தாழ்த்திக் காலோடு சேர்த்துப் பிடிப்பது. கையால் சுற்றிப் பிடிக்க முயன்றிருக்க வேண்டும். வெறும் தோளால் இடித்தால் தண்டனை.

புள்ளிப்பட்டியலில் தோற்ற அணிக்கும் புள்ளி வருகிறதே, எப்படி?

வென்றால் 4, சமன் என்றால் 2. நான்கு ட்ரை போட்டால் வென்றாலும் தோற்றாலும் கூடுதலாக 1. ஏழு புள்ளிக்குள் தோற்றால் தோற்றவருக்கு 1. அதனால் கடைசி ஐந்து நிமிடத்தில் 12 புள்ளி பின்தங்கிய அணிகூட உயிரைக் கொடுத்து ஆடும். பருவத்தின் முடிவில் அந்த ஒற்றைப் புள்ளியில் யார் மேலே போவது, யார் கீழே இறங்குவது என்பதே மாறிவிடலாம்.

'ஸ்க்ரமில் தள்ளக் கூடாது' என்று நடுவர் சொல்லி ஆட்டம் நடந்ததைப் பார்த்தேன். ஏன் அப்படி?

நல்ல கேள்வி. கீழ்ப்பிரிவு ரக்பியின் பெரிய கவலையே இதில்தான் இருக்கிறது.

ஸ்க்ரம் என்பது இரு அணியிலிருந்தும் எட்டு எட்டுப் பேர் பிணைந்து தலை கொடுத்துத் தள்ளுவது. முன்வரிசையில் மூவர்: நடுவே ஹூக்கர், இருபுறமும் ப்ராப். நடுவர் "க்ரௌச்" என்றதும் எல்லோரும் குனிவார்கள். "பைண்ட்" என்றதும் ப்ராப்கள் எதிராளியின் சட்டையைக் கையால் பற்றுவார்கள். அருகில் நின்றால் அந்த ஒரு நொடியில் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கும். "செட்" என்றதும் பதினாறு பேரின் எடையும் மோதும். அந்த மொத்த அழுத்தமும் போய் இறங்குவது முன்வரிசையில் இருப்பவர்களின் கழுத்திலும் முதுகிலும். பழகாத ஆளை அங்கே நிறுத்தினால் கழுத்து முறியும் ஆபத்து உண்டு. அதனால் பயிற்சி பெற்ற முன்வரிசை ஆட்கள் ஒரு அணியில் தீர்ந்துவிட்டால், நடுவர் தள்ளாத ஸ்க்ரமுக்கு உத்தரவிடுவார். எல்லோரும் பிணைவார்கள், பந்தை உள்ளே போட்ட அணிக்கே பந்து போகும்.

பாதுகாப்புக்கு இதைவிட நல்ல விதி இல்லை. ஆனால் ஆட்டத்தின் சுவை குறைந்துவிடும். கனத்த உடம்பும் மெதுவான காலும் உள்ள ஒரு ஆளுக்கு இந்த விளையாட்டு மரியாதையான ஓர் இடம் வைத்திருக்கிறது. தள்ளு இல்லை என்றால் அந்த இடமே இல்லை. ஒரு நல்ல ப்ராப் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் ஊர் கிளப்பில் நாற்பது வயதைத் தாண்டிய ப்ராப்பை ஓய்வுபெற விடவே மாட்டார்கள்.

அவ்வளவு ஆள் பஞ்சமா? 15 பேர்தானே வேண்டும்?

15 போதாது. மாற்று ஆட்களையும் சேர்த்தால் 18 பேராவது வேண்டும். இரண்டாவது அணியும் இருந்தால் அதுபோல இரண்டு மடங்கு. அதைத் திரட்ட, காயம்பட்டவர், கல்யாணத்துக்குப் போனவர், ஷிப்டில் மாட்டிக்கொண்டவர் எல்லோரையும் கணக்கில் எடுத்தால் அறுபது எழுபது பெயர் கொண்ட பட்டியல் கையில் இருக்க வேண்டும். சின்ன ஊரில் அத்தனை பேருக்கு எங்கே போவது?

கார்ன்வாலுக்கென்று சில சிரமங்கள் உண்டு. பருவம் செப்டம்பரில் தொடங்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வெளியூர் கிளம்புவதும் அதே செப்டம்பரில். சிறுவயதிலிருந்து கிளப்பில் வளர்ந்த பையன் பெரியவர் அணிக்குத் தயாராகும் நாளில் பிரிஸ்டலுக்கோ கார்டிஃபுக்கோ போய்விடுவான். படித்து முடித்தாலும் எல்லோரும் திரும்புவதில்லை. வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கிப் போடும் வீடுகளால் உள்ளூரில் வீட்டு விலையும் வாடகையும் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. பயிற்சி தொடங்கும் ஆகஸ்டில் சுற்றுலா உச்சத்தில் இருக்கும். ஓட்டலிலும் உணவகத்திலும் வேலை செய்பவர்களுக்கு விடுப்பே கிடைக்காது. பால் பண்ணைக்காரர்கள் மதியக் கறவைக்கு மாற்று ஆள் பார்த்துவிட்டுத்தான் வர முடியும்.

இதையெல்லாம் சுமப்பவர் ஒருவர் இருப்பார், கேப்டனோ அணிச் செயலாளரோ. வியாழன் பயிற்சியில் பதினேழு பேர் 'வருகிறேன்' என்று சொல்லியிருப்பார்கள். வெள்ளி இரவு இரண்டு பேர் குறைவார்கள். சனி காலை பத்து மணிக்கு அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஆடுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆன ஒருவரிடம் "இருபது நிமிடம் மட்டும், மாற்று ஆளாக உட்கார்ந்தால் போதும்" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். இந்தப் பிரிவில் பாதி ஆட்டம் அந்தப் போனில்தான் முடிவாகிறது. நான் உறுதியாக நம்புவது இதுதான்: ஒரு கிளப்பின் பலத்தைப் புள்ளிப்பட்டியலை வைத்து அளக்கக் கூடாது. சனிக்கிழமை காலையில் அந்தப் போனை எடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் அளவு.

ஆள் சேரவே இல்லை என்றால்?

ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். எதிரணிக்குப் புள்ளி போகும். இது பலமுறை நடந்தால் லீக்கிலிருந்தே விலக வேண்டி வரும். ஆனால் கீழ்ப்படிகளில் இப்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கிறார்கள். இரு அணிகளும் நடுவரும் ஒத்துக்கொண்டால் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்து, நேரத்தைச் சுருக்கி ஆட இடம் தருகிறார்கள். ஒரு ஆட்டம் நின்றுபோவதைவிடப் பன்னிரண்டு பேரோடு நடப்பது எவ்வளவோ மேல். வீட்டிலிருந்து கிளம்பி வந்தவன் ஆடாமல் திரும்பினால் அடுத்த வாரம் வரமாட்டான்.

இது ஆபத்தான விளையாட்டு இல்லையா?

ஆபத்து உண்டு. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. தோள், முழங்கால், விரல் காயங்கள் சாதாரணம். பெரிய கவலை தலையில் அடிபடுவது. அதற்காக 2023-24 பருவத்திலிருந்து இங்கிலாந்தின் அமெச்சூர் ரக்பியில் டாக்கிள் உயரத்தைக் குறைத்துவிட்டார்கள். நெஞ்செலும்பின் அடி நுனிக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும். முதலில் இடுப்புக்குக் கீழே என்று அறிவித்தார்கள். ஆட்டக்காரர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்ததும் சற்றே மேலே ஏற்றினார்கள்.

மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரர் வெளியே வந்துவிட வேண்டும். அன்றைக்கு மறுபடி உள்ளே போக முடியாது. பெரிய போட்டிகளில் மருத்துவர் சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கலாம். அது இங்கே கிடையாது. அறிகுறிகள் முழுக்கத் தீர்ந்து, படிப்படியாகப் பயிற்சி செய்து, குறைந்தது 21 நாள் கழித்தே மறுபடி போட்டியில் ஆடலாம். "எனக்கு ஒன்றும் இல்லை, ஆடுகிறேன்" என்று அடிபட்டவரே அடம்பிடிப்பார். அப்போது கேட்கக் கூடாது. கிளப்பில் இதை யார் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைச் சேருவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நடுவர் யார்? அவரோடு ஏன் யாருமே வாதாடுவதில்லை?

கவுன்ட்டியின் நடுவர் சங்கத்திலிருந்து வருவார். பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர். இந்தப் படியில் அவர் ஒருவர்தான். கோட்டோரக் கொடியை ஒவ்வொரு கிளப்பும் ஆளுக்கொருவரைப் போட்டுப் பிடிக்கும். வீடியோ மறுபரிசீலனை எதுவும் இல்லை. கேப்டன் மட்டும் அவரிடம் பேசலாம். மற்றவர் முணுமுணுத்தால் பெனால்ட்டி எடுக்கும் இடத்தைப் பத்து மீட்டர் முன்னே நகர்த்திவிடுவார். மஞ்சள் அட்டை என்றால் பத்து நிமிடம் வெளியே. நடுவர்கள் குறைந்துவருவது ஆட்டக்காரர்கள் குறைவதைப் போலவே பெரிய பிரச்சினை. ஒரு நடுவரை ஓரத்திலிருந்து திட்டுகிறவர், அடுத்த ஆண்டு நடுவரே இல்லாத சனிக்கிழமையை ஊருக்குத் தேடித் தருகிறார்.

இவ்வளவு சின்னக் கவுன்ட்டியில் ரக்பிக்கு ஏன் இத்தனை மதிப்பு?

சுரங்கம்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள், அதில் நிறைய உண்மை இருக்கிறது. ரெட்ரூத்தும் கேம்போர்னும் வெள்ளீயமும் செம்பும் எடுத்த ஊர்கள். சில மைல் தள்ளித்தான் இருக்கின்றன, ஜென்மப் பகை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரண்டும் மோதுவது நெடுங்கால வழக்கம். இரண்டும் இப்போது தேசியப் பிரிவுகள் வரை போன கிளப்புகள்.

கார்ன்வால் சுரங்கத்துக்கும் நம்மவர்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கோலார் தங்கவயலை 1880-களிலிருந்து நடத்திய ஜான் டெய்லர் நிறுவனம் கார்ன்வாலிலிருந்து சுரங்க ஆட்களைக் கொண்டுவந்தது. அவர்களுக்குக் கீழே ஆழத்தில் இறங்கியவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். கார்ன்வாலில் சவுத் க்ராஃப்டி சுரங்கம் 1998-ல் மூடப்பட்டது, கோலார் 2001-ல். சுரங்கம் போன ஊரில் மக்கள் ஒன்றுகூட என்ன மிச்சம் என்று கோலாரில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கார்ன்வாலில் மிஞ்சியவற்றில் ரக்பி கிளப்பும் ஒன்று.

இன்னொன்று, கவுன்ட்டி அணி. 1908-ல் கார்ன்வால் இங்கிலாந்துக் கவுன்ட்டி சாம்பியன் ஆனது. அந்தத் தகுதியில் அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் பெயரில் ஆடி, ஆஸ்திரேலியாவிடம் 32-3 என்று தோற்று வெள்ளி பெற்றது. அப்புறம் 83 ஆண்டுக் காத்திருப்பு. 1991-ல் லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் இறுதி ஆட்டம், யார்க்ஷயருக்கு எதிராக. 16-3 என்று பின்தங்கி இருந்த கார்ன்வால் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 29-20 என்று வென்றது. கறுப்பும் தங்கமும் உடுத்திக்கொண்டு பல்லாயிரக்கணக்கானோர் லண்டன் போனார்கள். 'ட்ரெலானியின் படை' என்று அந்த ரசிகர் கூட்டத்துக்குப் பெயர். 1688-ல் அரசரை எதிர்த்துச் சிறை போன ட்ரெலானி என்ற பிஷப்பின் பெயர் அது.

இந்தச் சின்னக் கிளப்புகளிலிருந்து பெரிய ஆட்டக்காரர் யாராவது வந்திருக்கிறார்களா?

2003 நவம்பர் 22, சிட்னி. இங்கிலாந்து ஆஸ்திரேலியாவை 20-17 என்று வென்று உலகக் கோப்பையை எடுத்த நாள். அன்று இங்கிலாந்தின் முன்வரிசையில் தொடங்கிய இரண்டு ப்ராப்களும் இந்த மண்ணில் வளர்ந்தவர்கள். ஃபில் விக்கரி பியூட் கிளப்பில் ஆடத் தொடங்கியவர், ட்ரெவர் உட்மன் லிஸ்கர்ட்-லூவில். முன்வரிசைக்கு ஆள் தேடி அலையும் இதே மட்டத்துக் கிளப்புகள்தான் உலகக் கோப்பைக்கு இரண்டு ப்ராப்களைக் கொடுத்திருக்கின்றன. சின்னப் பிரிவுகளுக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த இரண்டு பெயர்கள்தான்.

ஆட்டம் முடிந்ததும் என்ன நடக்கும்?

இரு அணியும் வரிசையாக நின்று ஒருவரையொருவர் கைதட்டி வழியனுப்பும். குளித்துவிட்டு எல்லோரும் கிளப் கூடத்துக்கு வருவார்கள். வந்த அணிக்கும் நடுவருக்கும் சோறு போடுவது சொந்த ஊர் அணியின் கடமை. கார்ன்வால் என்றால் பெரும்பாலும் பேஸ்ட்டி. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீட் (swede) எனப்படும் டர்னிப் வகைக் கிழங்கு உள்ளே வைத்து ஓரத்தை முறுக்கி மடித்துச் சுட்டது. சைவம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிளப்பின் முக்கிய வருமானம் அங்கே நடக்கும் மது விற்பனை. குடிக்காதவரை யாரும் வற்புறுத்துவதில்லை, ஒரு எலுமிச்சை சோடாவோடு மாலை முழுவதும் உட்காரலாம்.

என் பிள்ளையைச் சேர்க்கலாமா? பெண் குழந்தைகளுக்கும் உண்டா?

தாராளமாக. ஞாயிறு காலை சிறுவர் ரக்பி. ஏழு, எட்டு வயதுக்குட்பட்டோர் இடுப்பில் கட்டிய துணிப்பட்டையைப் பிடுங்கும் ஆட்டம்தான் ஆடுவார்கள், மோதல் இல்லை. டாக்கிள் ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவில்தான் மெல்ல அறிமுகமாகிறது. பெண் குழந்தைகள் முதலில் கலந்தும், பிறகு தனி அணிகளிலும் ஆடுகிறார்கள். பெரியவர் ஆட்டத்துக்கு 18 வயது. 17 வயதுக்காரர் தனி அனுமதியோடு ஆடலாம், ஆனால் முன்வரிசையில் நிற்க முடியாது.

ஆடத் தெரியாது. ஆனாலும் ஏதாவது செய்ய ஆசை. இடம் உண்டா?

உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கோடு போட, தண்ணீர் புட்டி எடுத்துப்போக, முதலுதவிப் பையோடு நிற்க, ஆட்டக்காரர் பதிவையும் முடிவையும் கணினியில் ஏற்ற, சமையலறையில் உருளைக்கிழங்கு வெட்ட என்று எதற்கும் ஆள் போதாது. முதலுதவிக்குக் குறுகிய காலப் படிப்பு உண்டு. நர்ஸாகவோ பிசியோதெரபிஸ்டாகவோ இருந்தால் வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார்கள்.

ஒரு ஆட்டம் பார்க்க எப்படிப் போவது?

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை சனிக்கிழமைகளில். வழக்கமாக மூன்று மணி, பொழுது சீக்கிரம் சாயும் டிசம்பர், ஜனவரியில் இரண்டரைக்கோ அதற்கு முன்போ தொடங்கிவிடும். இந்தப் படியில் அநேகமாக நுழைவுக் கட்டணம் இருக்காது. மழையில் மைதானம் ஊறிவிட்டால் காலையிலேயே பார்த்துவிட்டு ஒத்திவைப்பார்கள், அதனால் கிளம்பும் முன் கிளப்பின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் பூட்ஸ் போடுங்கள், காற்றைத் தாங்கும் மேலங்கி எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டியிருக்கும் இடங்களில் அதற்கு வெளியேதான் நிற்க வேண்டும். யாராவது கொடியை நீட்டி "கோட்டோரம் நிற்க முடியுமா?" என்று கேட்டால், விதி தெரியாது என்று தயங்க வேண்டாம். பந்து கோட்டைத் தாண்டிய இடத்தில் கொடியை உயர்த்தினால் போதும், மற்றதை நடுவர் பார்த்துக்கொள்வார்.